'எக்ஸ்' போட்ட வீட்டுக்கு மறுபடி போகணும்

போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு வீடு வீடாகப் போகிறவர்களுக்கு மூன்று பேர் சொல்வது:

தர்மபுரி பக்கம், கிராம சுகாதார செவிலியர்:

சொட்டு மருந்தே வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறவர்கள் நம்ம ஊரில் ரொம்பக் குறைவு. "போன மாசம்தானே ஆஸ்பத்திரியில ஊத்தினாங்க, திரும்ப எதுக்கு?" இதுதான் வாசலில் விழும் கேள்வி. "கவர்மெண்ட் சொல்லுது" என்று பதில் சொன்னால் அந்தத் தாய்க்கு சந்தேகம் இன்னும் கூடும். குடலில் வேறு கிருமி இருந்தால் ஒரு தவணை சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம், கூடுதலாகக் கொடுப்பதால் கெடுதல் இல்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள், கேட்பார்கள். முகாமில் கொடுத்தது தடுப்பூசி அட்டையில் உள்ள தவணைக்கு ஈடாகாது என்பதையும் கையோடு சொல்லிவிடணும். 6, 10, 14 வாரச் சொட்டும், 6, 14 வாரத்திலும் 9 மாதத்திலும் போடும் போலியோ ஊசியும் அதன்படியே நடக்கணும்.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக இந்த நோய் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். இப்போதைய இளம் தாய்மார் பலர் போலியோவில் கால் சூம்பிய பிள்ளையைப் பார்த்ததே இல்லை. அலட்சியம் என்று அவர்களைத் திட்டுவது தப்பு.

ஓசூர், அங்கன்வாடிப் பணியாளர்:

"வீட்டுல குழந்தை இருக்கா?" என்று மட்டும் கேட்காதீங்க. சிப்காட் பக்கத்து லைன் வீடுகளில் "எல்லாருக்கும் போட்டாச்சு" என்பார்கள். உள்ளே துணித் தூளியில் பிறந்து எட்டு நாளான பிள்ளை தூங்கும். பச்சைக் குழந்தையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஐந்து வயதுக்குள் எத்தனை பேர், இப்போ எங்கே, ஊரிலிருந்து வந்த பிள்ளை உண்டா என்று தனித்தனியாகக் கேட்கணும். பூட்டிய வீட்டுக்கு, இன்னும் கொடுக்கவில்லை என்று சுவரில் 'எக்ஸ்' குறி போட்டால், ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு மறுபடி போனால்தான் ஆள் கிடைக்கும். பிள்ளையைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று, எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாச்சு என்பதற்கான 'பி' குறியைப் போடவே கூடாது.

அஞ்செட்டி, முகாம் மேற்பார்வை:

மலைக்கு ஏறும் முன் மருந்துக் குப்பியின் லேபிளைப் பாருங்க. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் கொடுக்கலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் ஒதுக்கிடுங்க. மருந்தைக் குளிராக வைக்கும் கேரியர் பெட்டியை அடிக்கடி திறப்பதும் வெயிலில் வைப்பதும்தான் இதற்குக் காரணம். இரண்டு சொட்டு, டிராப்பர் வாயில் படாமல். உடனே துப்பினால் மறுபடி இரண்டு சொட்டு கொடுக்கணும். பால் குடித்திருந்தாலும் லேசான சளி இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். மை இடது சுண்டு விரலில், நகத்தோடு தோலும் சேர. காயும்வரை அந்த விரலைப் பிடித்துக்கொள்ளுங்க, இல்லையென்றால் பிள்ளை சப்பியே அழித்துவிடும்.