கொழுப்பு குறைத்த கிரீம் சீஸ்: லேபிளும் ஃப்ராஸ்டிங்கும்

கேரட்கேக்:
அமெரிக்கக் கடைகளில் விற்கிற ‘1/3 லெஸ் ஃபேட்’ கிரீம் சீஸ், 226 கிராம் கட்டி. இதோடு வெண்ணெய் 113 கிராம், ஐசிங் சர்க்கரை 250 கிராம் சேர்த்து ஃப்ராஸ்டிங்குக்கு (கேக் மேல பூசுற கிரீம்) அடித்தால் தோசை மாவு மாதிரி ஓடுது. சாதா கிரீம் சீஸில் இதே அளவு சரியா நிக்குது. லேபிளில் மூணு வகை கம் (கெட்டியாக்குற பிசின்) இருந்துமா இப்படி? உடம்புக்காவது லாபம் உண்டா?

மோர்மிளகாய்:
28 கிராமுக்குக் கணக்குப் பாருங்க. சாதாவில் சுமார் 100 கலோரி, 10 கிராம் கொழுப்பு. இதில் 70 கலோரி, 6 கிராம். லாபம் அவ்வளவுதான். புரதத்துக்காக யாரும் வாங்க வேண்டாம்; 2 கிராம்தான் தேறும், அதே எடை பனீரில் 5 கிராம் வரும்.

அங்குள்ள சட்டப்படி, கிரீம் சீஸ் என்றால் பால் கொழுப்பு 33 சதவீதமாவது இருக்கணும், ஈரம் 55-ஐத் தாண்டக் கூடாது. கொழுப்பு 20-லிருந்து 33-க்குள் என்றால் அது நூஃப்ஷாடெல்; உங்க கட்டி இந்த வகைதான். ஈரம் 65 வரை போகலாம். (பிரான்ஸில் இதே பெயரில் பூஞ்சைத் தோலோடு வருவது வேறு சீஸ்.) அதாவது கொழுப்பு காலி பண்ணின இடத்தில் தண்ணீர் குடியேறுது. அதைக் கட்டிப்போடத்தான் கேரப் கம் (410), குவார் கம் (412), சாந்தன் கம் (415); அடைப்பில் இருப்பது லேபிளில் வரும் சேர்க்கை எண். கேரபும் சாந்தனும் தனித்தனியா இருந்தா வெறும் கொழகொழப்புதான், சேர்ந்தால் ஜெல்லாகும். வைட்டமின் ஏ கொழுப்போடு போயிடுறதால தனியாச் சேர்க்கிறாங்க.

‘ஃபேட் ஃப்ரீ’ பக்கம் போகாதீங்க. 100 கிராமில் சோடியம் சுமார் 700 மி.கி., சாதாவைப் போல இரு மடங்கு. சில லைட் வகைகளில் ஜெலட்டினும் உண்டு, சைவம் என்றால் பார்த்து வாங்கணும்.

அடுமனை:
ஃப்ராஸ்டிங் ஓடுறதுக்குக் காரணம் ரெண்டு: சர்க்கரை அந்த ஈரத்தை வெளியே இழுக்குது, அடிக்கிற கருவி (பீட்டர்) அந்த கம் ஜெல்லை உடைக்குது. அளவை மாத்த வேண்டாம், வரிசையை மாத்துங்க. மெத்துன்னு இருக்கிற வெண்ணெயில் சர்க்கரை முழுசையும் போட்டு வெளுக்கும்வரை அடிங்க. பிறகுதான் சீஸ், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு, துண்டு துண்டா நாலு தடவையா. குறைந்த வேகத்தில் கலந்தவுடனே நிறுத்திடுங்க. வழவழப்பு வரட்டும்னு இன்னும் ஒரு நிமிஷம் ஓட்டுறதுதான் கெடுக்குது. டப்பாவில் வர்ற ஸ்ப்ரெட் இதுக்கு ஆகவே ஆகாது. ஓடினதில் மேலும் சர்க்கரை கொட்டாதீங்க, இன்னும் இளகும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைங்க.

கேரட்கேக்:
சீஸ்கேக்குக்கு?

அடுமனை:
தாராளமா. 226 கிராமுக்கு ஒன்றரை டீஸ்பூன் சோளமாவு சேருங்க, நடுப்பகுதி லேசா ஆடும்போதே அடுப்பை அணைச்சிடுங்க. மிச்சக் கட்டியை ஃப்ரீஸரில் போட்டால் தண்ணி பிரிஞ்சு ரவை ரவையா ஆயிடும், பாஸ்தா சாஸுக்குத்தான் உதவும்.