‘ஒரு வாக்குகூட வீணாகாது’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தொகுதிக்காரன்: விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தில், அதாவது கட்சிகள் பெற்ற வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் முறையில், ஒரு வாக்குகூட வீணாகாது என்று ‘சமவாக்கு’ என்பவர் அடித்துச் சொல்லியிருப்பதைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. துருக்கியில் 2002ஆம் ஆண்டுத் தேர்தல் விகிதாசார முறையில்தான் நடந்தது. அங்கே இடம் பெறக் குறைந்தது 10 விழுக்காடு வாக்கு வேண்டும் என்ற வெட்டுப்புள்ளியைத் தாண்ட முடியாமற்போன கட்சிகளுக்கு விழுந்த ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்குகளுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 34 விழுக்காடு பெற்ற கட்சியோ 550 இடங்களில் 363ஐ எடுத்துக்கொண்டது. இது வீண் இல்லையென்றால் வேறென்ன?

சமவாக்கு: அது வெட்டுப்புள்ளியின் குற்றம், முறையின் குற்றமன்று. நெதர்லாந்தில் 150 இடங்களில் ஒன்றுக்குரிய 0.67 விழுக்காடு வாக்கைப் பெற்றாலே ஒரு கட்சி நாடாளுமன்றத்துக்குள் வந்துவிடும். தொகுதிக்கு ஒருவராக, அதிக வாக்கு பெற்றவர் மட்டும் வெல்லும் நீங்கள் போற்றும் தொகுதி முறையில், பிரிட்டனில் 2024இல் 33.7 விழுக்காடு பெற்ற கட்சிக்கு 650இல் 411 இடங்களும், 14 விழுக்காடு பெற்ற கட்சிக்கு வெறும் 5 இடங்களும் கிடைத்தன. அதைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

தொகுதிக்காரன்: பிரிட்டனில் ஒரு வாக்குகூட வீணாகாது என்று நான் எங்கும் எழுதவில்லை; எழுதியவர் நீங்கள். நெதர்லாந்திலும் அந்த 0.67ஐ எட்டாத கட்சிகளின் வாக்கு வீண்தான். ஜெர்மனியில் 2025இல் 4.98 விழுக்காடு, அதாவது சுமார் 25 லட்சம் வாக்கு பெற்ற கட்சி 5 விழுக்காட்டை எட்டாததால் வெளியே நின்றது. 25 லட்சம் பேர் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?

வெண்பலகை: நியூசிலாந்து 1996 முதல் தொகுதிக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு என்று இரண்டையும் கலந்து நடத்துகிறது. ஒரு தொகுதியை வென்ற கட்சிக்கு அங்கே 5 விழுக்காட்டு வெட்டுப்புள்ளி பொருந்தாது. இதை இருவரும் ஏன் பேசவில்லை?

தொகுதிக்காரன்: தொகுதியை வெல்லாத கட்சிக்கு அதே வெட்டுப்புள்ளி இருக்கிறதே, ஐயா! இடையில் புகுந்து அவரைக் காப்பாற்ற வேண்டாம்.

சமவாக்கு: இஸ்ரேலைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பேசவிடாமல் செய்தீர்கள். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை.

தொகுதிக்காரன்: 2019க்கும் 2022க்கும் இடையில் விகிதாசார முறையுள்ள அந்த இஸ்ரேலில் ஐந்து முறை பொதுத்தேர்தல் நடந்ததற்கு அன்று நீங்கள் விடை சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. என் பகுதிக்கென்று ஓர் உறுப்பினர் இருந்தால் அடுத்த தேர்தலில் அவரை நானே தோற்கடிக்கலாம்; விகிதாசார முறையில் கட்சி தன் வேட்பாளர் பட்டியலில் முதலிடத்தில் வைத்தவரை நான் எப்படி வீழ்த்துவது?

சமவாக்கு: பேச்சை மாற்றுகிறீர்கள். தோற்றவருக்கு வாக்களித்தவர்களின் குரல் உங்கள் தொகுதி முறையில் எங்கே போகிறது?

தொகுதிக்காரன்: முதலில் அந்த 25 லட்சம் பேரின் குரல் எங்கே போயிற்று என்று சொல்லுங்கள்.