மூடியில் ஒரு துளை போதுமா? கிட் கார் பெட்ரோல் டேங்க் குறித்த விவாதம்

பாலக்கோடு வண்டி:
ஓசூர் லேத் அண்ணன் நேற்று எழுதிய ஒரு வரி என்னை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை. வீட்டில் கட்டும் கிட் காருக்குப் பெட்ரோல் டேங்க் பொருத்தும்போது காற்றுக்கென்று தனிக் குழாய் போடுவது வெட்டிச் செலவு என்றும், மூடியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் போதும் என்றும் அவர் எழுதியிருந்தார். எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்து இருவர் அமரும் வண்டி ஒன்றைக் கட்டி வருகிறேன். 1957-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் பாகங்களாகவும் விற்கப்பட்ட லோட்டஸ் செவன் காரின் அமைப்பையே நானும் பின்பற்றுகிறேன். டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. 30 லிட்டர் கொள்ளும்.

அண்ணன் இதற்கு முன்னும் இதே யோசனையைச் சொன்னதால் முதலில் மூடியில் துளைதான் போட்டேன். காலையில் டேங்கை நிரப்பி, வண்டியைத் தோப்புச் சரிவில் வெயிலில் நிறுத்தியிருந்தேன். மதியம் பார்த்தபோது துளை வழியே பெட்ரோல் வழிந்து இருக்கையின் பின்பலகை நனைந்திருந்தது. அடுத்த மாதம் எஞ்சின் பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. குளவி அந்தத் துளையை மண் வைத்து அடைத்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் துளையே போதும் என்று அவர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓசூர் லேத்:
தம்பி, முதலில் கணக்கைப் பார். உன் எஞ்சின் எவ்வளவு மிதித்து ஓட்டினாலும் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் குடிக்காது. பத்து லிட்டர் பெட்ரோல் வெளியேறினால் பத்து லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். அது நொடிக்கு 3 மில்லிலிட்டர்கூட இல்லை. 2 மி.மீ. துளை இதைத் தாராளமாக விடும். இருபத்தேழு ஆண்டுகளாக ஓசூரில் பட்டறை வைத்திருக்கிறேன். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு மைக்ரான் அளவில் பாகம் கடைந்து கொடுத்த கை இது. ஜாவா பைக்கின் மூடியிலும் லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் மூடியிலும் காற்றுக்கு வழி எங்கே இருந்தது? மூடியில்தான் இருந்தது. அவை தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஓடவில்லையா, தொப்பூர் கணவாயில் இறங்கி ஏறவில்லையா? டேங்கை வாய் வரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தியவன் நீ. பழியைத் துளையின் மேல் போடாதே.

பர்கூர் மாணவி:
அண்ணா, உங்கள் கணக்கு உள்ளே வரும் காற்றைப் பற்றியது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. வெளியே வருவதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோல் சித்திரை வெயிலில் 20 டிகிரி சூடேறினால், 30 லிட்டர் டேங்கில் அரை லிட்டருக்கும் மேல் கூடிவிடும். அது எங்கே போகும்?

ஜாவா பைக்கின் மூடி திறந்த வெளியில் இருப்பதால் ஆவி காற்றோடு போய்விடும். இவருடைய டேங்கோ முதுகுக்குப் பின்னால், தகடு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையில் படிந்து தேங்கும். மைனஸ் 43 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் பொருள் அது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். எங்கள் கல்லூரிக் குழு கரடுமுரடான தரையில் ஓடும் பக்கி (buggy) வண்டி கட்டியபோது, டேங்கின் உச்சியிலிருந்து குழாய் எடுத்து, அதை மேலே வளைத்து, வண்டியின் குறுக்கே மறுபக்கம் கொண்டுபோய், தரைத் தகட்டுக்குக் கீழே சைலன்சருக்கு எட்டாத இடத்தில் விட்டோம். நடுவில் இரும்புக் குண்டு வைத்த வால்வு இருந்தது. வண்டி கவிழ்ந்தால் குண்டு உருண்டு வழியை அடைத்துவிடும். உங்கள் 2 மி.மீ. துளை கவிழ்ந்த வண்டியில் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓசூர் லேத்:
தங்கை, நீ படித்ததை எழுதியிருக்கிறாய். நான் செய்ததை எழுதுகிறேன். மூடித் துளை என்றால் ஆணியால் குத்திய ஓட்டை என்று யார் சொன்னார்கள்? மூடிக்குள் இரண்டு தட்டு வைத்து, மேல்தட்டின் துளையும் கீழ்த்தட்டின் துளையும் நேருக்கு நேர் வராமல் அமைப்பேன். பெட்ரோல் அலம்பினாலும் மேலே வராது, காற்று மட்டும் சுற்றிக்கொண்டு வரும். டேங்கில் இருபதில் ஒரு பங்கு காலியாக விட்டால் விரிவதற்கும் இடம் இருக்கும். இதைத்தான் 2 மி.மீ. துளை போதும் என்றேன், இப்போதும் சொல்கிறேன்.

குழாய் போட்டால் குளவி வராதா? 6 மி.மீ. குழாய் வாயில் குளவி குடும்பமே நடத்தும். குழாயின் வளைவில் பெட்ரோல் தேங்கி நின்றால் அங்கேயும் அடைப்புதான். மூடித் துளை அடைத்தால் கண்ணில் படும். வண்டிக்கு அடியில் இருக்கும் குழாய் அடைத்தால் எவன் கண்ணில் படும்? நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான். பாலக்கோட்டுத் தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

தொப்பூர் மெக்கானிக்:
ஓசூர் லேத் அவர்கள் மூடியைப் பற்றி இவ்வளவு பேசுவதைப் பார்க்கும்போது என் பத்மினி காரின் டேங்க் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அடியில் விழுந்த ஓட்டையைப் பற்றவைக்க அவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்த டேங்கில் உள்ளே முழுக்கத் துரு. மூன்று மாதத்தில் நான்கு முறை கார்புரேட்டர் ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் நுண்துளை, அடைத்தது. டேங்கைப் பொருத்தும் முன் உள்ளே கழுவி உலர்த்த வேண்டும் என்பதைத் துளை போடுவதற்கு முன் அவர் கற்றுக்கொண்டிருக்கலாம். என் வாக்கு குழாய்க்குத்தான்.

ஓசூர் லேத்:
அந்தக் கதையைப் பொதுவில் இழுத்தது நல்லதாகப் போயிற்று. பெட்ரோல் தீர்ந்த டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதனால் ஓட்டை விழுந்த பக்கம் மேலே வரும்படி கவிழ்த்து, வாய்களை அடைத்து, பற்றவைக்கும் இடம் மட்டும் தவிர முழுக்கத் தண்ணீர் நிரப்பித்தான் வெல்டிங் செய்தேன். வேலை முடிந்த மாலையே எடுத்துப்போய் வெயிலில் உலர்த்தும்படி சொன்னேன். நீங்கள் பதினோரு நாள் கழித்து வந்தீர்கள். இரும்புத் தகடு பதினோரு நாள் ஈரத்தில் கிடந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கூலியில் பாதி இன்னும் பாக்கி என்பதையும் எழுதியிருக்கலாம். அந்த டேங்குக்கும் இந்தத் துளைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அரூர் ஆசிரியர்:
துளையா குழாயா என்பது இருக்கட்டும். இந்த வண்டி எந்தச் சாலையில் ஓடப் போகிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாருதியின் எஞ்சினைக் கழற்றி வேறு சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஏற்றினால் பழைய ஆர்.சி. புத்தகம் அதற்குச் செல்லாது. பெட்ரோல் டேங்குக்கு முன் தம்பி இதை யோசித்திருக்க வேண்டும்.

பாலக்கோடு வண்டி:
ஐயா, இந்த வண்டி எங்கள் தோப்பின் வேலியைத் தாண்டாது என்று முதல் நாளே எழுதியிருந்தேன். என்றாவது டிரெய்லரில் ஏற்றிக் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை.

ஓசூர் லேத் அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். குழாயின் வாயில் பித்தளை வலை கட்டினால் குளவி நுழையாது. வாய் கீழ்நோக்கி இருப்பதால் மழை நீரும் இறங்காது. உங்கள் மூடி வானத்தைப் பார்த்து இருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். ஜாவா ஓடிய காலத்துப் பெட்ரோலில் இந்தத் தொல்லை இல்லை. பழைய ரப்பர் ஹோஸ்கூட இந்தப் பெட்ரோலில் ஊறி வெடிப்பதால் நான் புதியதாக மாற்றியிருக்கிறேன்.

ஓசூர் லேத்:
பித்தளை வலை கட்டினால் செம்மண் புழுதி ஒட்டி வலையே அடைப்பாகிவிடும். பாலக்கோட்டுப் புழுதியைப் பற்றி நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்கு மூடியின் மேல் ஒரு மடல் வைத்தால் போதும். எத்தனால் ஈரத்தை மழையிலிருந்து மட்டுமா இழுக்கிறது? காற்றிலிருந்தும் இழுக்கும், குழாய் வழியாகவும் அதே காற்றுதான் வருகிறது. பெரிய கம்பெனிக் கார்களில் ஆவியைப் பிடிக்கக் கரி நிரப்பிய கேனிஸ்டர் இருக்கிறது. அதையும் போடப் போகிறாயா? வேலியைத் தாண்டாத வண்டிக்குக் கவிழ்ந்தால் அடைக்கும் வால்வு, குறுக்கே ஓடும் குழாய், பித்தளை வலை என்று அடுக்கிக்கொண்டே போகிறாய். நான் முதலிலிருந்து சொல்வது ஒன்றே: இரண்டு தட்டு மூடி, 2 மி.மீ. துளை.

பர்கூர் மாணவி:
தோப்புச் சரிவிலும் வண்டி கவிழும், அண்ணா. கவிழ்ந்த வண்டியில் உங்கள் இரண்டு தட்டு மூடி என்ன செய்யும் என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பாலக்கோட்டு அண்ணனுக்கு ஒன்று: டேங்கை ரப்பர் திண்டு மேல் உட்கார வைத்திருந்தால், டேங்கிலிருந்தும் நிரப்பும் கழுத்திலிருந்தும் சேசிஸுக்குச் செம்பு வயர் ஒன்று இணைத்துவிடுங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பெட்ரோல் ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரம் இறங்க வழி வேண்டும்.

ஓசூர் லேத்:
வயர் சரி, அதை நானே முப்பது டேங்குக்குப் போட்டிருக்கிறேன். வண்டி கவிழும் என்று பயந்தால் மூடிக்குள் ஒரு குண்டு வைத்தால் ஆயிற்று. துளை அதே 2 மி.மீ.தான்.

தொப்பூர் மெக்கானிக்:
பதினோரு நாள் இல்லை, ஆறு நாள். கூலி முழுவதும் அன்றே கொடுத்தேன்.

பாலக்கோடு வண்டி:
மூடிக்குள் குண்டு வைத்தால் அது துளை மட்டும் அல்ல, வால்வு. அதைத்தானே நாங்களும் கேட்டோம்? ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்கி உச்சியில் குழாயை மாட்டும் சிறு முனையான நிப்பிள் பற்றவைக்கப் போகிறேன். தண்ணீர் நிரப்பித்தான் செய்வேன். அன்று மாலையே உலர்த்திவிடுவேன்.

ஓசூர் லேத்:
நிப்பிள் பற்றவைக்கும் இடத்தில் கசிந்தால் என் பட்டறைக்குக் கொண்டுவராதே. கொண்டுவந்தால் நிப்பிளை அடைத்துவிட்டு மூடியில் துளைதான் போடுவேன்.