வண்டிக்கூரையில் நாமே செய்யும் கூடாரம்: ப்ளைவுட் அடித்தளம் தேவையா?

பொதிகைச்சாரல், அம்பாசமுத்திரம்

எங்கள் வீட்டில் பத்தாண்டுகளாக ஓடும் ஜீப் வகை வண்டி ஒன்று இருக்கிறது. கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியும் விளிம்பு உள்ள பழைய அமைப்பு. அந்த விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கேரியரையும் ஏற்கெனவே பொருத்தியிருக்கிறேன். நானும் என் மகனும் படுக்கும் அளவில் அதன் மேல் ஒரு கூடாரம் செய்ய நினைக்கிறேன். ஆயத்தமாக விற்பவற்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட 12 மி.மீ. ப்ளைவுட் அடித்தளம், கீழும் மேலும் ஓரங்குல இரும்புச் சதுரக் குழாய்ச் சட்டம், 6 மி.மீ. ப்ளைவுட்டில் மேல்மூடி, ஒரு முனையில் கீல், மறுமுனையில் தூக்கி நிறுத்த கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தில் மூடியைத் தள்ளித் தாங்கும் தண்டு), சுற்றிலும் லாரிக்குப் போடும் பிளாஸ்டிக் பூசிய படுதா என்பதே என் திட்டம். மெத்தை, ஏணி உட்பட மொத்தம் 75 கிலோ வரும் என்று கணக்கிட்டேன். வண்டியோடு தந்த கையேட்டிலும் கூரைச் சுமை 75 கிலோவைத் தாண்டக் கூடாது என்றுதான் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் இருவரும் ஏறிப் படுத்தால் கூரை என்ன ஆகும்? பதில் தெரிந்த பிறகே ப்ளைவுட் வாங்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

பட்டறைவாசல், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, ப்ளைவுட் வாங்குவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. கையேட்டில் உள்ள 75 கிலோ என்பது வண்டி ஓடும்போது கூரை தாங்க வேண்டிய சுமை. பள்ளத்தில் விழுந்து எழும்போதும், வளைவில் சாயும்போதும், சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் அந்தச் சுமை பல திசைகளில் இழுக்கும் என்பதைக் கணக்கில் கொண்டே எல்லையைக் குறைவாக வைக்கிறார்கள். நின்ற வண்டியின் கூரை அதைப்போல் சில மடங்கு தாங்கும். எடை தகட்டின் மேல் இறங்காமல், கவ்விகளின் வழியாகப் பக்கத்து விளிம்புகளுக்குப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் இருவரும் படுப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. கவலைப்பட வேண்டியது கூடாரத்தோடு ஊர் போய்ச் சேரும் வழியைப் பற்றித்தான்.

உங்கள் கணக்கில் கேரியரின் எடை விடுபட்டிருக்கிறது. கூடை போன்ற இரும்புக் கேரியர் 20 கிலோவுக்குக் குறையாது. ஆக, மொத்தம் 95. பலமாகப் பிரேக் பிடித்தால் அந்த எடையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குச் சமமான விசை முன்பக்கமாகத் தள்ளும். அப்போது 70 கிலோ அளவுள்ள தள்ளலை நான்கு கவ்விகள் தடுத்து நிறுத்த வேண்டும். பாபநாசத்திலிருந்து காரையாற்றுக்கு ஏறும் வளைவுகளில், ஏற்கெனவே உயரமான உங்கள் வண்டி இந்தச் சுமையால் இன்னும் அதிகமாகச் சாயும்.

எடை எங்கே சேர்கிறது என்று பாருங்கள். ஏழுக்கு நான்கு அளவில் 12 மி.மீ. ப்ளைவுட் மட்டுமே ஏறத்தாழ 20 கிலோ வரும். ஓரங்குல இரும்புச் சதுரக் குழாய், ஒன்றரை மி.மீ. கனத்தில், மீட்டருக்கு 1.1 கிலோ, அதே அளவு அலுமினியக் குழாய் மீட்டருக்கு 380 கிராம்தான். உங்கள் வரைபடத்தில் 17 மீட்டர் குழாய் வரும் என்பதால் சட்டத்தில் மட்டும் 12 கிலோ குறையும். ஆனால் பெரிய லாபம் அங்கே இல்லை.

நம் பக்கத்து வீடுகளில் பனைநார்க் கட்டில் எதற்காகப் போட்டார்கள்? பலகை வேண்டாம், எடை குறைவு, அடியிலிருந்து காற்று வரும். அதையே செய்யலாம் என்பது என் யோசனை. 50க்கு 25 மி.மீ. அளவில், 2 மி.மீ. கனமுள்ள அலுமினியச் செவ்வகக் குழாயில் ஒரு கட்டில் சட்டம் செய்து, அதன் குறுக்கும் நெடுக்குமாக நைலான் பட்டை பின்னுங்கள். சட்டம் ஐந்து கிலோ, பட்டை மூன்று கிலோ. ப்ளைவுட்டோடு கீழ்ச் சட்டமும் போய்விடும். பட்டையை இறுக்கிப் பின்னும்போது நீளக் கம்பிகள் இரண்டும் உள்நோக்கி வளையப் பார்க்கும். நார்க்கட்டில் சட்டம் பருமனாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே குழாயைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கையாக வையுங்கள்; 50 மி.மீ. பக்கம் அந்த இழுப்பை எதிர்க்கும். கூடைக் கேரியரைக் கழற்றிவிட்டு மூன்று குறுக்குச் சட்டங்களை மட்டும் வைத்து, நீளக் கம்பிகளை அவற்றோடு போல்ட் போட்டால் அந்தச் சட்டங்களே விலகாமலும் நெருங்காமலும் பிடித்துக்கொள்ளும்.

மூலைகளில் பற்றவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அலுமினியத்தைப் பற்றவைத்த இடத்தில் சூட்டினால் அதன் வலு கணிசமாகக் குறைகிறது; கதவு, பார்ட்டிஷன் செய்யும் கடைகளில் போடும் ரிவிட்டும் உருண்டு புரளும் ஆளைத் தாங்காது. ஐந்து மி.மீ. கனமுள்ள எல் வடிவத் துண்டுகளை வைத்து எட்டு மி.மீ. போல்ட் போடுங்கள். மேல்மூடியையும் விட்டுவிடலாம், ஓடும்போது ஒரு படுதா உறை போதும். மேல்மூடி இல்லாவிட்டால் கேஸ் ஸ்ட்ரட்டுக்கும் வேலை இல்லை. ஏணியை ஏன் கூரையில் ஏற்ற வேண்டும்? அது வண்டிக்குள் கிடக்கட்டும். இவ்வளவும் செய்தால் குறுக்குச் சட்டங்களையும் சேர்த்து 40 கிலோவுக்குள் முடித்துவிடலாம்.

தேரிமணல், திசையன்விளை

மேலே சொன்ன எடைக் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எடை குறைந்த கூடாரத்தைக் காற்று எளிதாக ஆட்டும் என்பதை இந்தப் பக்கத்தில் வாழ்பவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வரும் மேல்காற்று அம்மியைத் தூக்காவிட்டாலும் கூடாரத்தைத் தூக்கும். ஏழடி நீளமும் மூன்றரை அடி உயரமும் உள்ள உங்கள் துணிச்சுவரில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று மோதினால் ஏறத்தாழ 18 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் இருக்கும். வேகம் 60 ஆனால் அது 40 கிலோ ஆகிவிடும். எனவே அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல், வண்டியின் முகம் மேற்கே இருக்குமாறு நிறுத்துங்கள். இழுகயிறுகளைத் தேரி என்னும் எங்கள் செம்மணல் மேட்டில் முளையடித்துக் கட்டினால் நிற்காது; சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். நிழல் கிடைக்கிறதே என்று தென்னைக்கும் பனைக்கும் அடியில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

துணி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். உவரிக் கடற்கரைக்கு அருகே, மார்கழி மாதத்தில், நீங்கள் நினைப்பது போன்ற பிளாஸ்டிக் பூசிய படுதாவில் தைத்த கூடாரத்தில் படுத்தேன். விடியற்காலையில் முகத்தில் நீர் சொட்டவே மழை என்று எண்ணி எழுந்து வெளியே பார்த்தால் வானம் நட்சத்திரங்களோடு தெளிவாக இருந்தது. சொட்டியது எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். படுதா மழையை உள்ளே விடாது என்பதோடு ஆவியை வெளியேயும் விடாது. சுவர்களுக்குப் பருத்திக் கான்வாஸ் வாங்குங்கள். தைத்து முடித்ததும் நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நனைந்த நூல் பருத்து ஊசித்துளைகளை அடைக்கும். அப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் தையல்களின் மேல் மெழுகு தேய்த்தால் போதும். படுதாவை வீணாக்க வேண்டாம்: கான்வாஸுக்கு மேலே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டாம் கூரையாகக் கட்டினால், வெயிலையும் ஐப்பசி மழையையும் அது பார்த்துக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களில் கொசுவலைச் சன்னல்கள் அவசியம்.

கடற்கரைக்கு வருவதாக இருந்தால் இன்னொன்று. அலுமினியத்தோடு இரும்போ எவர்சில்வர் போல்ட்டோ நேரே தொட்டுக்கொண்டிருந்தால், உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். இடையில் நைலான் வாஷர் போடுங்கள்.

நார்க்கட்டில் யோசனை அழகானது. ஆனால் கோடையில் இதமாக இருக்கும் அடிக்காற்று மார்கழியில் முதுகைக் குத்தும்.

கடனாக்கரை, ஆழ்வார்குறிச்சி

முதுகுக் குளிருக்குப் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றைப் பட்டைக்கும் மெத்தைக்கும் நடுவே விரித்தால் பாதி தீரும். மெத்தையின் அடியில் ஈரமும் பூஞ்சையும் பிடிக்காது. பட்டுப்போன்ற மெல்லிய பாய் வேண்டாம், முரட்டுப் பாய் போதும்.

நான் எழுத வந்தது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே எடுத்துரைத்தது. ஆகவே கூரையில் துளையிடாதீர்கள், எதையும் பற்றவைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் கழற்றி இறக்கக்கூடிய சாமானாகவே அது இருக்கட்டும். பயணம் முடிந்ததும் இறக்கியும் விடுங்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரர் என்பதால் மலைப்பக்கம் போகத்தான் ஆசை இருக்கும். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடியைத் தாண்டிச் செல்ல அனுமதி கிடைத்தாலும் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி இரவு தங்க முடியாது. அடிவாரத்தில் தெரிந்தவர் தோட்டம் இருந்தால் கேட்டுத் தங்குங்கள். அங்கும் கரடியும் சிறுத்தையும் இறங்கிவருவது புதிதல்ல என்பதால் உணவை வண்டிக்குள் பூட்டிவிட்டு மேலே ஏறுங்கள்.

பொதிகைச்சாரல், அம்பாசமுத்திரம்

மூவருக்கும் நன்றி. ப்ளைவுட்டைக் கைவிட்டு, கட்டில் சட்டத்தை மட்டும் முதலில் செய்து பார்த்தேன். முற்றத்தில் செங்கல் அடுக்கி, அதன் மேல் மூன்று குறுக்குச் சட்டங்களையும் வைத்து, நாங்கள் இருவரும் ஏறிப் படுத்தோம். சட்டம் அசையவில்லை. ஆனால் நடுவில் பட்டை ஒன்பது செ.மீ. தொய்ந்து, என் இடுப்பு குறுக்குச் சட்டத்தில் இடித்தது; மகனும் உருண்டு என் மேல் வந்து விழுந்தான். இதற்கு வழி உண்டா?

பட்டறைவாசல், பாளையங்கோட்டை

உண்டு. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவே அதே குழாயில் ஒரு கம்பி கொடுத்து, இரண்டு ஒற்றைக் கட்டில்களாகப் பிரித்துப் பின்னுங்கள். ஒன்றரைக் கிலோதான் கூடும். பட்டை பாயும் அகலம் பாதியாவதால் தொய்வும் பெருமளவு குறையும். உருளும் தொல்லையும் இராது. புதுப்பட்டை ஒரு வாரத்தில் தளரும். ஆகவே கட்டிலின் கால்மாட்டில் ஓரடியைப் பின்னாமல் விட்டு, நார்க்கட்டிலுக்குச் செய்வது போலக் கயிறு கோத்து, தளரும்போதெல்லாம் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டத்துக்கும் கட்டிலுக்கும் இடையே மூன்றங்குல உயரத்துக்கு ரப்பர் கட்டை கொடுத்துவிட்டு, மறுபடியும் படுத்துப் பார்த்து அளவை எழுதுங்கள் அண்ணாச்சி.