இழுவிசைப் படலத்தில் கியூரி வெப்பநிலை ஏறவே மாட்டேன் என்கிறது

வணக்கம். 2 மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் (ஸ்ட்ரான்சியம் 0.3) என்ற காந்த ஆக்சைடின் படலம், 20 நானோமீட்டர் தடிப்பு, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தளத்தின் மேல். லேசர் துடிப்பால் மூலப்பொருளை ஆவியாக்கிப் படிய வைக்கும் முறை: 248 நானோமீட்டர் லேசர், 700 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் 0.25 மில்லிபார்.

படலமாக இல்லாத கட்டிப்பொருளுக்குக் கியூரி வெப்பநிலை (காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை) 360 கெல்வினைத் தாண்டும். இழுவிசையால் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் எனக்கு வருவது 295தான். மின்தடையும் அதே இடத்தில்தான் உச்சம் தொடுகிறது.

எக்ஸ்கதிர் வரைபடத்தில் படலம் தளத்தின் படிக இடைவெளியான 3.905 ஆங்ஸ்ட்ராமோடு அப்படியே ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் இவ்வளவு இழுபட்டால் செங்குத்து இடைவெளி 3.85க்குச் சுருங்க வேண்டும், 3.87லேயே நிற்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான். அணுவிசை நுண்ணோக்கியில் மேற்பரப்பு படிக்கட்டு மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

தளத்தை அமிலத்தில் கழுவி, சுட்டு, புதிதாக வளர்த்தேன். ஆக்சிஜன் ஓட்டத்தில் 700 டிகிரியில் 3 மணி நேரம் வைத்தேன். 8 கெல்வின்தான் ஏறியது. அப்புறம், இழுவிசையே அநேகமாக இல்லாத எல்எஸ்ஏடி (லாந்தனம், ஸ்ட்ரான்சியம், அலுமினியம், டாண்டலம் சேர்ந்த ஆக்சைடு) தளத்திலும் வளர்த்தேன். அங்கேயும் 310ஐத் தாண்டவில்லை. ஆக, இழுவிசை மட்டும் காரணமில்லை. லேசர் ஆற்றலை மட்டும் இன்னும் மாற்றிப் பார்க்கவில்லை.

ஆக்சிஜன் குறைபாடா, லாந்தனம்–மாங்கனீசு விகிதப் பிழையா என்று இந்த 20 நானோமீட்டர் படலத்திலேயே பிரித்துக் காட்டும் அளவீடு எது?