புள்ளலூரில் வண்டியை வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கியா?

பழைய பீரங்கி:
வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில், திப்புவின் ராக்கெட் ஒன்று கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டியில் பாய்ந்ததாம். அந்த ஒரே வெடியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அழிந்ததாம். உலகத்தின் போர்முறையே அன்றைக்குத்தான் மாறியதாம். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பெய்லியிடம் இருந்தவர்கள் சுமார் 3,800 பேர். திப்புவின் தந்தை ஹைதர் அலியின் பெரும்படை சுற்றி வளைத்து, பல பக்கமிருந்தும் பீரங்கியால் அடித்தது. வண்டியைத் தகர்த்தது பீரங்கிக் குண்டு. ராக்கெட் விழுந்ததை யார் பார்த்தது? ஒருத்தர் சொல்லுங்கள்.

மைசூர்க் கோட்டை:
யார் பார்த்ததா? ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள், பெய்லி பல்லக்கில் இருக்கிறார், நடுவில் வண்டி வெடிக்கிறது. திப்பு சுல்தானே வரையச் சொன்ன ஓவியம். மைசூர் என்றாலே உங்களுக்கு ஆகாது என்பது போன மாதம் காவிரி பற்றிப் பேசும்போதே தெரிந்துவிட்டது. இப்போது ராக்கெட்டும் ஆகவில்லை.

பழைய பீரங்கி:
காவிரியை ஏன் இழுக்கிறீர்கள்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த ஓவியம் 1799இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடுவதற்கு முன்பே சிதைக்கப்பட்டது. ஊரைப் பிடித்த பிறகு ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி புதுப்பிக்கச் சொன்னார். 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி உத்தரவில் மறுபடியும் வரைந்தார்கள். இத்தனை கை பட்ட சுவர் எப்படிச் சாட்சி ஆகும்? அதில் வண்டி வெடிக்கிறது, சரி. எது மோதி வெடித்தது என்று எங்கே இருக்கிறது?

சிவகாசி மருந்து:
அண்ணே, ஒரு விஷயம். சண்டைக்கு முன்னால, ராக்கெட்னு நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? காகிதக் குழாய் வாணம் சீனத்துல இருந்து எல்லா ஊர்லயும் இருந்தது. மைசூர்ல புதுசு இரும்புக் குழாய். மருந்து என்னவோ அதே வெடியுப்பு, கந்தகம், கரிதான். நூத்துக்கு 75, 10, 15 என்ற கணக்குக்குப் பக்கத்துல நிற்கும். காகிதமோ மூங்கிலோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்குது. அதனால மருந்தை இறுக்கி அடைக்கலாம், வாணம் தூரம் போகும். லண்டன் வூல்விச் பீரங்கி அருங்காட்சியகத்துல வச்சிருந்த குழாய் ஏறக்குறைய 10 அங்குல நீளம். அதைத் தோல் வாரால ஒரு நேர் வாளோட கட்டியிருக்காங்க. இதை முடிவு பண்ணிட்டுப் பேசினா நல்லது.

மைசூர்க் கோட்டை:
கேட்டீர்களா? இரும்புக் குழாய், வாளோடு கட்டியது. அதுதான் வண்டியில் விழுந்தது.

பழைய பீரங்கி:
குழாயின் நீளம் தெரிந்தால் அது எங்கே விழுந்தது என்றும் தெரிந்துவிடுமா? ராக்கெட் குறி பார்த்து அடிக்கும் ஆயுதமே இல்லை. கிளம்பின பிறகு காற்று இழுத்த பக்கம் போகும். குதிரையை மிரட்டும், அணிவகுப்பைக் கலைக்கும், மறுக்கவில்லை. ஒரு வண்டியைத் தேடிப் போய் அடிக்காது.

வடாற்காட்டான்:
புள்ளலூர் என்றதும் வந்தேன். எங்கள் பக்கத்து ஊர். ஆங்கில அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. ராக்கெட்டில் செத்தவர்களுடையது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

பழைய பீரங்கி:
அந்தத் தூண்கள் 1781 ஆகஸ்டில் கம்பெனித் தளபதி அயர் கூட் (Eyre Coote) இங்கே ஹைதரோடு நடத்திய சண்டையில் இறந்தவர்களுடையவை. பெய்லி தோற்றது அதற்கு முந்தைய வருடம். இரண்டு சண்டையையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள்தான் இந்த மாதிரி காணொளிகளை எடுக்கிறார்கள்.

வடாற்காட்டான்:
ஊர்க்காரனுக்கு ஊர் வரலாறு சொல்லித் தருகிறீர்களா தம்பி? மகேந்திரவர்மப் பல்லவன் எதிரிகளை முறியடித்த இடம் புள்ளலூர். காசக்குடிச் செப்பேட்டிலேயே பெயர் இருக்கிறது. உங்கள் ஹைதரும் பெய்லியும் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே அது போர்க்களம்.

பழைய பீரங்கி:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்குப் பேரன் இருக்கிறான். பல்லவனிடம் வெடிமருந்து இருந்ததா? பேச்சு வண்டியைப் பற்றி.

நெய்தல் மாணவி:
ஐயா, முதுகலை வரலாறு படிக்கிறேன். வெடிமருந்தின் தாக்கம் பற்றித்தான் பேச்சு என்றால் ஒரு வண்டியை விடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. 1044இல் சீனத்தில் வூஜிங் சோங்யாவ் என்ற போர்க்கலை நூலில் வெடிமருந்துக் கலவையின் அளவு எழுதப்பட்டுவிட்டது. 1453இல் கான்ஸ்டான்டிநோப்பிள் மதிலை ஒட்டோமான் பீரங்கிகள் உடைத்தன. இங்கே 1526இல் பானிபட்டில் பாபரின் பீரங்கிகள். அப்புறம் வெடியுப்பு. பிகாரில் நோனியா மக்கள் உப்புப் பூத்த மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுத்தார்கள். அதுதான் பாட்னாவிலிருந்து கப்பல் ஏறி ஐரோப்பியப் போர்களுக்குப் போனது. 1757 பிளாசிப் போருக்குப் பிறகு அது கம்பெனியின் பிடிக்குள் வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் வெடியுப்புக்குத் திண்டாடினார்கள். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

மைசூர்க் கோட்டை:
நல்ல தகவல் அம்மா. ஆனால் அந்தக் கம்பெனியையே மண்ணைக் கவ்வ வைத்தது மைசூர் ராக்கெட். பெய்லி கைதியாகி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்தார். பழைய பீரங்கி இதற்கு வாய் திறக்க மாட்டார்.

பழைய பீரங்கி:
ஏன் திறக்க மாட்டேன்? பெய்லி தோற்றதற்கு முதல் காரணம் கம்பெனியின் இன்னொரு தளபதி ஹெக்டர் மன்றோ. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் நடை தூரம் கூட இல்லை. உதவிக்கு ஃபிளெட்சர் தலைமையில் சுமார் ஆயிரம் பேரை அனுப்பினாரே தவிர, தான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தோல்விச் செய்தி வந்ததும் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். இதில் ராக்கெட் எங்கே வருகிறது? வண்டியை வெடிக்க வைத்தது பீரங்கிக் குண்டு. திரும்பவும் சொல்கிறேன், பீரங்கிக் குண்டு.

மைசூர்க் கோட்டை:
பீரங்கிக் குண்டு என்பது வெறும் இரும்பு உருண்டை. அதில் நெருப்பு ஏது? ராக்கெட் நெருப்போடு வரும். மரவண்டி, உள்ளே மருந்துப் பொட்டலம். எது பற்ற வைக்கும் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். சிவகாசிக்காரரே, நீங்கள் சொல்லுங்கள்.

சிவகாசி மருந்து:
இரும்பு உருண்டையே போதும் அண்ணே. மருந்து அறைக்குள்ள நாங்க இரும்புச் சாமானே கொண்டு போக விட மாட்டோம். செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட போகணும். ஒரு உரசல், ஒரு பொறி போதும், அறை இருக்காது. அவ்வளவு வேகத்துல வர்ற குண்டு வண்டியோட இரும்புப் பட்டையில பட்டா பொறி பறக்காதா? அதுக்காக ராக்கெட் இல்லைன்னும் நான் சொல்லலை. ராக்கெட்டும் பற்ற வைக்கும். ரெண்டாலயும் முடியும்.

பழைய பீரங்கி:
பார்த்தீர்களா, மருந்துத் தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார். பீரங்கி.

மைசூர்க் கோட்டை:
ராக்கெட்டும் பற்ற வைக்கும் என்றுதானே சொன்னார். உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் பிய்த்துக்கொள்கிறீர்கள். இரும்புக் குழாய் ராக்கெட் அற்பம் என்றால் 1799இல் கோட்டை விழுந்த பிறகு வெள்ளைக்காரன் ஏன் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனான்? அவற்றைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் வில்லியம் காங்கிரீவ் வூல்விச்சில் ராக்கெட் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோரில் மெக்ஹென்றி கோட்டை மேல் அடித்தார்கள். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நாசா மையத்தின் வரவேற்பறையில் மைசூர் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டதை அப்துல் கலாமே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரும் வாட்ஸ்அப் பார்த்துத்தான் எழுதினாரா?

பழைய பீரங்கி:
கலாமை நடுவில் நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். அவர் மேல் எனக்கு உங்களை விட மரியாதை அதிகம். ஓவியத்தைப் பார்த்தேன் என்று எழுதினார், பெய்லியின் வண்டியைப் பார்த்தேன் என்று எழுதவில்லை. அவ்வளவு வல்லமையான ஆயுதம் என்றால் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் ஏன் விழுந்தது? இரண்டு நாள் முன்னால் கோட்டைக்குள்ளேயே ராக்கெட் கிடங்கு வெடித்துப் போனது. அதை வெடிக்க வைத்தது பிரிட்டிஷ் பீரங்கி! கடைசித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு யார் தெரியுமா? புள்ளலூரில் பிடிபட்டு அதே ஊர்ச் சிறையில் கிடந்தவர்.

மைசூர்க் கோட்டை:
கோட்டை விழுந்ததில் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! சுல்தான் வாளோடு சண்டை போட்டுச் செத்தார். உங்கள் ஆற்காட்டு நவாப் வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கிக்கொண்டு சென்னையில் உட்கார்ந்திருந்தார்.

வடாற்காட்டான்:
ஆற்காட்டை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? அந்த 1780 படையெடுப்பில் எங்கள் சீமை ஊர் ஊராக எரிந்தது. ஆடுமாடு போனது, ஏரிக்கரை உடைந்தது, பஞ்சம் வந்தது. ராக்கெட்டைக் கொண்டாடுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மைசூர்க் கோட்டை:
அப்படி வாருங்கள். ராக்கெட் மேல் கோபம் இல்லை, மைசூர் மேல்தான் கோபம். அன்றைக்கும் இன்றைக்கும்.

நெய்தல் மாணவி:
புள்ளலூர் வண்டி எதனால் வெடித்தது என்று இரண்டு விதமாக எழுதியிருக்கும்போது, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அடித்துச் சொல்வது எப்படி? வெடியுப்பு பற்றி நான் கேட்டதை ஒருவரும் தொடவில்லை.

பழைய பீரங்கி:
நன்றாகப் படிக்கிறீர்கள் அம்மா, வெடியுப்புக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே பேச்சு ஒன்றே ஒன்று. வண்டி. ராக்கெட் பட்டதற்குச் சுவரைக் காட்டினார்கள், சுவர் செல்லாது. கலாமைக் காட்டினார்கள், அவர் அதைச் சொல்லவில்லை. கோபன்ஹேகனைக் காட்டினார்கள், அது 27 வருடம் கழித்து வேறு கண்டத்தில் நடந்தது. இன்னும் என்ன இருக்கிறது?

மைசூர்க் கோட்டை:
நகரா இருக்கிறது. ஷிமோகா மாவட்டம். 2018இல் பாழுங்கிணறு ஒன்றைத் தூர் வாரும்போது ஆயிரத்துக்கும் மேல் இரும்பு ராக்கெட் கிடைத்தது. தொல்லியல் துறை எடுத்தது. அதையும் டல்ஹவுசிதான் வரைந்தாரா?

பழைய பீரங்கி:
ராக்கெட் இருந்ததா என்று யாருமே கேட்கவில்லை! கிணற்றில் கிடந்தவை சுடாத ராக்கெட்டுகள். புள்ளலூருக்கும் நகராவுக்கும் நடுவில் முழு மைசூர்ச் சீமையே கிடக்கிறது. பெய்லியின் வண்டியில் விழுந்த ராக்கெட்டைக் காட்டுங்கள்.

மைசூர்க் கோட்டை:
வெடித்துப் போனதை எப்படிக் காட்டுவது? நீங்கள் அந்தப் பீரங்கிக் குண்டைக் காட்டுங்கள் முதலில்.

பழைய பீரங்கி:
காணொளியில் அப்படிச் சொன்னது நீங்கள் கொண்டாடுகிற ஆள். நிரூபிக்க வேண்டியது உங்கள் பக்கம்.

மைசூர்க் கோட்டை:
இந்த இழையைத் தொடங்கியதே நீங்கள். பீரங்கிக் குண்டு என்று முதல் பதிவிலேயே அடித்துச் சொன்னதும் நீங்கள். ஆதாரத்தோடு வாருங்கள். அதுவரை ராக்கெட்தான்.

பழைய பீரங்கி:
பீரங்கி.