பழைய 26 அடி பாய்மரப் படகு வாங்கலாமா? உள்ள லேஅவுட்டும் ஜன்னலும் குழப்புது

வெண்பாய்:
வணக்கம் மக்களே. லண்டன்ல இருக்கேன், எசெக்ஸ் பக்கம் பிளாக்வாட்டர் ஆத்துல வெஸ்டர்லி கம்பெனியோட சென்டார் மாடல் பாய்மரப் படகு ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, 1974ல கட்டினது. போன வாரம் போய்ப் பாத்தேன். அடியில ரெண்டு கீல், அதாவது தண்ணிக்குள்ள இறங்கற தகடு, இருக்கறதால தண்ணி வத்தினதும் சேத்துல சாயாம நேரா நிக்குது, அது ரொம்ப புடிச்சுப்போச்சு. ஆனா உள்ள இறங்கினதும் ஒண்ணும் புரியல. விளம்பரத்துல ஆறு பேர் படுக்கலாம்னு போட்டிருக்கான், 26 அடியில ஆறு பேர் எங்க படுக்கறது? ஒரு பக்கம் ரயில் சீட் மாதிரி எதிரெதிரா ரெண்டு சீட்டு நடுவுல மேஜை, அந்த மேஜைய இறக்கினா டபுள் பெட்டாம், எதிர்ப்பக்கம் கிச்சன், டாய்லெட்டு முன்னறைக்கும் நடு கேபினுக்கும் நடுவுல.

அடுத்தது ஜன்னல். அலுமினியம் ஃப்ரேம் போட்ட நீள ஜன்னல், ஓரத்துல கீழ ப்ரௌன் கலர்ல கறை வழிஞ்சிருக்கு, மேல கூரை லைனிங் ரெண்டு எடத்துல தொங்குது. விக்கறவர் "சுத்தி சிலிக்கான் அடிச்சா சரியாயிடும்"ங்கறார். புது படகுலல்லாம் ஹல்லுலயே (படகோட உடம்புலயே) பெரிய பெரிய கண்ணாடி வைக்கறான், பழசுல மட்டும் ஏன் இப்படி? வீட்டம்மாவும் பையனும் கூட வருவாங்க, கோடையில வாரக்கடைசி ஓட்டறதுக்குத்தான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

துடுப்புக்காரன்:
நல்ல படகு பாஸ், தைரியமா யோசிங்க. லாரன்ட் கைல்ஸ்ங்கற படகு வடிவமைப்பு நிறுவனத்தோட டிசைன், 1969ல இருந்து 1980 வரைக்கும் 2,400க்கும் மேல கட்டினாங்க, பிரிட்டிஷ் கரையோரம் எந்தக் கழிமுகத்துல பாத்தாலும் ஒண்ணு நிக்கும்.

லேஅவுட்டப் பத்தி ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. அந்தக் காலத்துல படகு வித்தது குடும்பஸ்தர்களுக்கு, போட் ஷோவுல வந்து நின்னு பாக்கறவன் முதல்ல கேக்கறது எத்தனை பெர்த், அதாவது எத்தனை படுக்கைன்னுதான், அதனால கிடைக்கற இடுக்கெல்லாம் பெர்த் ஆயிடுச்சு. கட்டி நிக்கற படகுல அந்தக் கணக்கு சரி, ஓடற படகுல சரியில்ல. இருபது டிகிரி சாய்ஞ்சு ஓடறப்ப எதிரெதிர் சீட்டுல உக்காந்தா உடம்பு பக்கவாட்டுல சரியும், முதுகு சாய ஒண்ணும் இருக்காது, படகு நீளத்துக்கு போட்ட பெஞ்சுல உக்காந்தா காத்துக்குக் கீழ் பக்கம், அதாவது படகு சாய்ஞ்சு தாழ்ந்த பக்கம், முதுகு அப்படியே சாய்மானத்துல பதியும். கிச்சனும் அதே கதைதான், பக்கவாட்டுல நீளமா இருந்தா சமைக்கறவங்களுக்குப் புடிச்சு நிக்க எடமில்ல, வாசல் பக்கத்துல எல் ஷேப்புல இருந்தா இடுப்பை முட்டுக்கொடுத்து நிக்கலாம், ஆவியும் வாசல் வழியா போயிடும். சென்டார்லயே லேஅவுட் ஒண்ணுக்கு மேல உண்டு, நீங்க பாத்தது மேஜை உள்ள வகை. ஆத்துலயே நங்கூரம் போட்டு சாப்பிட்டு சீட்டாடற குடும்பத்துக்கு அதுதான் சுகம், ராத்திரி கடல் தாண்டப் போறவங்களுக்கு இல்ல.

முன்னாடி இருக்கற வி ஷேப்பு பெர்த்ல ஓட்டத்துல படுக்கவே முடியாது, ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். வாசலுக்குப் பக்கத்துல காக்பிட்டுக்கு (வெளிய உக்காந்து ஓட்டற குழிக்கு) அடியில கால நீட்டற மாதிரி குவார்ட்டர் பெர்த் இருந்தா அதுதான் ஓட்டத்துல தூங்கற எடம், குறுகலா இருக்கறது குறை இல்ல, உருளாம இருக்கத்தான் அப்படி. என் யோசனை என்னன்னா அடுத்த தடவை போறப்ப வீட்டம்மாவயும் பையனயும் கூட்டிட்டுப் போங்க, ஷூவக் கழட்டிட்டு ஒவ்வொரு பெர்த்லயும் நிஜமாவே படுத்துப் பாருங்க, மேஜைய இறக்கி பெட்டு போட்டுப் பாருங்க. ராத்திரி ஒருத்தர் டாய்லெட் போகணும்னா யார எழுப்பணும்னு அப்பத்தான் தெரியும்.

கரையோரம்:
தம்பி, அந்த சிலிக்கான் கதைய மட்டும் கேக்காதேங்கோ. வெளியால சுத்திப் பூசினா ஒரு கோடை தாங்கும், அதுக்குப் பிறகு பழசுக்கு மேல புதுசு ஒட்டாது, கழட்டிச் செய்யேக்க சுரண்டிச் சுரண்டிக் கை போயிடும்.

முதல்ல தண்ணி ஜன்னலாலதான் வருதோ எண்டு பாருங்கோ. கேபின் கூரையில கைபிடிக் கட்டை இருக்கெல்லோ, அதின்ர போல்ட் ஓட்டைக்குள்ளால இறங்கின தண்ணி லைனிங்குக்குப் பின்னால ஓடி ஜன்னல் மூலையில வந்து வெளிக்கிடும், எல்லாரும் ஜன்னலத்தான் குற்றம் சொல்லுவினம். ஓனரைக் கேட்டு ஒரு ஹோஸ் பைப் எடுத்து, கீழ இருந்து மேல ஒவ்வொரு எடமா ஊத்தோணும், முதல்ல ஜன்னலின்ர கீழ் விளிம்பு, பிறகு பக்கம், பிறகு மேல் விளிம்பு, கடைசியாத்தான் கைபிடி. உள்ளுக்கு ஒராள் டோர்ச்சோட இருக்கோணும். மேல இருந்து தொடங்கினா எல்லா எடமும் ஒண்டா நனைஞ்சு எதால வருது எண்டு பிடிக்கேலாது.

ஜன்னல்தான் எண்டால் ஃப்ரேமோட கழட்டி, பழைய சீலன்ட் (தண்ணி அடைக்கிற பசை) எல்லாம் வடிவா சுரண்டி, ஃப்ரேமுக்கும் கேபின் சுவருக்கும் நடுவில ப்யூட்டைல் டேப் (ஒட்டுற மெத்தென்ற ரப்பர் நாடா) வச்சுத் திருப்பிப் பூட்டுங்கோ. கண்ணாடி ஃப்ரேமில இருக்கிற ரப்பரும் காஞ்சு சுருங்கியிருக்கும், மூலையில இடைவெளி தெரிஞ்சா அதையும் மாத்துங்கோ. ஸ்க்ரூவை ஒரே தரத்தில முறுக்காதேங்கோ, ப்யூட்டைல் மெல்ல மெல்லத்தான் பிதுங்கும், அடுத்த நாளும் கொஞ்சம் இறுக்கோணும்.

ஃப்ரேம் இல்லாம அக்ரிலிக் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்) ஷீட்டை நேரா சுவரில ஸ்க்ரூ பண்ணின படகுகளும் உண்டு, அதில வேற பிரச்சினை. அக்ரிலிக் வெயிலுக்கு நல்லா நீளும், 90 செ.மீ. துண்டு 30 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 2 மி.மீ. கூடும், ஃபைபர் கிளாஸ் அவ்வளவு நீளாது. ஓட்டைய ஸ்க்ரூ அளவுக்கே போட்டிருந்தா ஓட்டையில இருந்து வெடிப்பு கிளம்பும், அதனால ஓட்டை பெரிசா இருக்கோணும், ஸ்க்ரூத் தலை தட்டையா வாஷரோட இருக்கோணும். அசிட்டோனால துடைக்கவே கூடாது, சிலந்தி வலை மாதிரி நுண்ணிய கீறலாப் போயிடும். பாலிசல்ஃபைட் வகை சீலன்டும் அக்ரிலிக்குக்கு ஆகாது.

வெண்பாய்:
அண்ணே, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஹோஸ் டெஸ்ட் கேட்டிருக்கேன், சரின்னுட்டார். கண்ணாடி சைஸ் விஷயம் இன்னும் புரியல, சின்னதா இருக்கறது பாதுகாப்புக்கா? அப்புறம் வாசல்ல கதவே இல்ல, மூணு பலகைய மேல இருந்து சொருகறாங்க, அது ஏன்?

நீரோட்டம்:
ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான், அலை வந்து அடிச்சா எவ்வளவு தண்ணி உள்ள போகும்ங்கறது. அலை ஜன்னல உடைக்கறது மட்டும் இல்ல, படகு அலை மேலருந்து பக்கவாட்டா விழறப்ப கீழ்ப்பக்கத்து ஜன்னல் தண்ணி மேல மோதி உள்வாங்கிடும். பெரிய துவாரம்னா தாங்கறதுக்குத் தடியான ஷீட்டும் நல்ல விளிம்பும் வேணும். இப்ப பெரிய ஜன்னல் வைக்க முடியுதுன்னா தடிப்பு எவ்வளவு, எப்படிப் புடிக்கணும்னு ஐஎஸ்ஓ 12216னு ஒரு விதியே இருக்கு, ஒட்டற பசையும் ரொம்ப முன்னேறிடுச்சு. புதுப் படகுல கண்ணாடி ஓரத்துல கறுப்புப் பட்டை பாத்திருப்பீங்க, அழகுக்கு மட்டும் இல்ல, பசை மேல வெயில் படாம மறைக்குது.

பலகை விஷயம்தான் எனக்கு ஜன்னலவிட முக்கியம். 1979 ஃபாஸ்ட்நெட் ரேஸ்ங்கற கடல் பாய்மரப் பந்தயத்துல 303 படகு கிளம்புச்சு, புயல்ல 15 பந்தய வீரர்கள் செத்துப்போனாங்க. அப்புறம் நடந்த விசாரணையில பெரிய குறையா வந்ததுல ஒண்ணு வாஷ்போர்டு, அதாவது நீங்க கேட்ட இந்த சொருகற பலகை. நெறைய படகுல வாசல் மேல அகலம் கீழ குறுகல், பலகைய கொஞ்சம் தூக்கினாலே கழண்டு வந்துடும், படகு கவுந்ததும் பலகை தானா விழுந்து வாசல் திறந்துடுச்சு. அதனால கதவு இல்லையேன்னு கவலைப்படாதீங்க, பலகை கதவவிட உறுதி. ஒவ்வொரு பலகையிலயும் கயிறு இருக்கா, உள்ள இருந்தும் வெளிய இருந்தும் பூட்டித் திறக்கற தாழ்ப்பாள் இருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லைன்னா முதல் வேலையா அதப் போடுங்க, ஜன்னல் அப்புறம்.

அல்லிராணி:
லைனிங் தொங்கறதப் பத்தி யாரும் சொல்லல. அது பழைய வெஸ்டர்லி எல்லாத்துலயும் வர்றதுதான், வினைல் துணிக்குப் பின்னாடி ஒட்டின ஃபோம் வயசாகி மாவாப் போயிடும், லீக் இல்லாமயும் தொங்கும். திரும்ப ஒட்டி பிரயோஜனமில்ல, மாவெல்லாம் சுரண்டிட்டு புதுசு போடணும், மூக்குல மாஸ்க் கண்டிப்பா வேணும்.

அதே மாதிரி ஜன்னல் ஓரத்து ஈரம் எல்லாம் லீக் இல்லைங்க. அக்டோபர் மாசம் மூணு பேர் மூடி வச்சுப் படுத்தா காலைல அலுமினிய ஃப்ரேம்ல இருந்து சொட்டும், மூச்சு ஆவிதான். அதுல கேஸ் அடுப்ப ஹீட்டரா எரிச்சா இன்னும் மோசம், ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணியாவே வருது, கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேற, பையனோட தூங்கறப்ப அலாரம் இல்லாம படுக்கவே கூடாது. நெறைய சின்னப் படகுல ஜன்னல் திறக்காது, அதனால கூரையில காத்து வர வழி வேணும். டோரேட் பெட்டின்னு ஒண்ணு இருக்கு, 1930ல தண்ணில இறக்கின டோரேடுங்கற படகோட பேரு, பெட்டிக்குள்ள ஒரு தடுப்பு, காத்து மேல ஏறி உள்ள வரும், தண்ணி கீழயே நின்னு ஓட்டை வழியா டெக்குக்கு வடிஞ்சிடும். நீங்க பாத்த படகுல கூரை மேல என்ன வென்ட் இருக்குன்னு கவனிச்சீங்களா?

வெண்பாய்:
டாய்லெட்டுக்கு மேல காளான் ஷேப்புல ஒரு வென்ட் பாத்தேன் அக்கா, வேற ஞாபகம் இல்ல. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் போறோம், ஹோஸ் டெஸ்டும் அன்னிக்குத்தான், பலகைக் கயிறு, தாழ்ப்பாள், வென்ட் எல்லாம் பாத்து போட்டோ போடறேன். கரையோரம் அண்ணே, கறை ஒரு ஜன்னல்ல மட்டும் இருந்தாலும் எல்லாத்தயும் கழட்டணுமா?

கரையோரம்:
ஓம் தம்பி, ரப்பர் எல்லாத்துக்கும் ஒரே வயசு, ஒண்டு போனா மற்றதும் பின்னால வரும். ஆனா ஒரே நாளில எல்லாத்தையும் கழட்டாதேங்கோ, மழை வந்தா உள்ளுக்கு மெத்தை எல்லாம் நாசம். ஒரு ஜன்னலைக் கழட்டி, பூட்டி, தண்ணி ஊத்திப் பாத்துப்போட்டு அடுத்ததுக்குப் போங்கோ.